சமைக்கிறவுக முன்னால வாங்க

“இந்த வீட்டுல சமைக்கிறது யாரு?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். எதிரே நிற்கிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்ப்பார். பெருவிரல், மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே உள்ள தோல். அவர் பார்த்து முடிப்பதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்லியிருப்பார்கள். அதில் ஒன்றும் அவர் காதில் ஏறியிருக்காது.

அடுப்பு மேடைக்கு கிரானைட் போட வந்த ஆளுக்கு இந்த விசாரணை எதற்கு என்று காரைக்குடியில் பலபேர் முணுமுணுத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரையே கிரானைட் கிறுக்குப் பிடித்து ஆட்டியது. அதுவரை கடப்பாக் கல், இல்லாவிட்டால் சிமெண்டுப் பூச்சு. அதற்கும் முன்னால் வெறும் தரை. உட்கார்ந்து நறுக்கி, உட்கார்ந்து கிளறிப் பழகிய பெண்கள் கேஸ் அடுப்பு வந்ததும் எழுந்து நின்றார்கள். நிற்கிறவளுக்கு மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. கொத்தனார்களிடம் முப்பத்திரண்டு அங்குலம் என்று ஒரு கணக்கு இருந்தது. குட்டையோ நெட்டையோ, எல்லா வீட்டுக்கும் அதே முப்பத்திரண்டுதான். இவர் ஒருவர்தான் அதை ஏற்காதவர். “கல்லு நூறு வருசம் கெடக்கும். முன்னால நிக்கிற பொம்பளையோட இடுப்பு அம்புட்டு நாளு கெடக்குமா?” என்பார்.

கீழச்சிவல்பட்டிப் பக்கத்து ஆள். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் நிலம் இருந்தது. மழை ஏமாற்றிய ஏதோ ஒரு வருடம் ஓசூர்ப் பக்கம் போய்க் கல் அறுக்கிற ஆலையில் தொழில் பழகிக்கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். ஒல்லி. காதோரத்தில் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், குளித்துவிட்டு வந்தாலும் போகாது. பழைய மொபெட்டின் முன்னால் ஒரு சாக்குப்பை. அதற்குள் ரசமட்டம், டேப்பு, ஒரு எலுமிச்சம்பழம், பொட்டலத்தில் கொஞ்சம் மஞ்சள் தூள்.

டேப்பை அவர் வெளியே எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பதிலேயே பெரிய சட்டியைக் கொண்டுவரச் சொல்வார். சமைக்கிற ஆளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்துவார். செங்கல்லை அடுக்கி அதன்மேல் சட்டியை வைத்து, “கிண்டுங்க” என்பார். ஒன்றுமே இல்லாத சட்டியில் கரண்டியைப் போட்டுக் கிண்டுவது வெட்கம் பிடுங்கித் தின்னும் காரியம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். ஒரு செங்கல்லை எடுப்பார், ஒன்றை வைப்பார். தோள் தூக்காமல், இடுப்பு குனியாமல் கை தானாகச் சுற்றுகிறது என்று அவருக்குத் தோன்றியதும், அடுப்பின் உயரத்தைக் கழித்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அளவு எடுத்தாயிற்று.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நடந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வருடத்தில் பத்து நாள் திறந்தால் அதிகம் என்கிற வீடு. மெட்ராஸிலிருந்து வந்த ஆச்சி, மகன் கல்யாணத்துக்கு முன்னால் அடுப்படியைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். வழக்கமான கேள்வி. ஆச்சி, “நான்தான்” என்று பட்டுப்புடவையோடு முன்னால் வந்து நின்றாராம். இவர் கையைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இது மோதிரம் கழட்டாத கையி. மாவு பெசையிற கைக்கு மோதிரம் ஆகாது. சமைக்கிறவுக முன்னால வாங்க” என்றிருக்கிறார். பின்கட்டில் நின்றிருந்த சமையல்காரர், ஆறடி உயரத்து மனிதர், தயங்கித் தயங்கி வந்தார். மேடை அவர் உயரத்துக்குப் போனது. கல்யாணத்தன்று பெண்வீட்டார் பார்க்க ஆச்சி ஒரு தடவை பால் காய்ச்சப் போனாராம். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் முடிந்ததாம்.

இதற்காவது சிரிக்கலாம். கோவிலூர்ச் சாலையில் ஒரு வீட்டில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. இரண்டு மருமகள்கள், எழுபது வயது மாமியார். மாமியாரை உட்காரவைத்துச் சோறு போடுகிற மருமகள்கள் என்று தெரு முழுக்கப் பேர். இவர் போனார். இரண்டு பேர் கையையும் பார்த்தார். பேசாமல் கொல்லைப்பக்கம் நடந்தார். அங்கே விறகு ஒடித்துக்கொண்டிருந்த கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினார். மூத்த மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம், இத்தனை வருடம் தான் சாப்பிட்டது யார் கைச் சமையல் என்று. ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தது.

அந்த ஆள் கால் வைத்த வீட்டில் சண்டை வரும் என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். வேலை சுத்தம் என்பதால் கூப்பிடாமலும் இருக்க முடியாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, கூப்பிட்டுவிட்டுப் பயந்துகொண்டே இருப்பார்கள். எனக்கு அந்தக் கதைகள் பிடித்திருந்தன. உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஆள் என்று அவர்மேல் பெரிய மரியாதை. எங்கள் வீட்டுக்கு வருகிறவரை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். செக்காலையில் மாதா கோயிலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஒரே பெண். பிளஸ் டூ முடித்திருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்து, விடுதியில் சேரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அம்மா மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அப்பாவிடம் எப்போது போகலாம் என்று கேட்டால், “பாப்போம்” என்பார். அம்மாவுக்கு மூட்டுவாதம். முட்டி வலி என்று மாலையானால் கட்டிலில் சாய்ந்துவிடுவார். அந்த வலிக்கும் அந்தப் “பாப்போம்”முக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை. பதினேழு வயதில் நமக்கு நம் கடிதம்தான் தெரியும்.

முதலில் கல்லுக்காரர் கல் தேர்ந்தெடுக்க வந்தார். அம்மாவுக்கு வெள்ளைக் கல் ஆசை. சின்னச் சின்ன மாதிரித் துண்டுகளைத் தரையில் பரப்பி, “இதுக்குப் பேரு காஷ்மீர் ஒயிட்டு” என்றார்.

“காஷ்மீர்ல இருந்தா வருது?” என்று அம்மா வாய் பிளந்தார்.

“மேலூர்ல இருந்து வருதுக்கா. மேலூர்க்காரிக்குக் காஷ்மீர்னு பேரு வச்சு விக்கிறாய்ங்க.”

எலுமிச்சம்பழத்தை நறுக்கி, மஞ்சளில் தொட்டு, வெள்ளைத் துண்டிலும் கறுப்புத் துண்டிலும் ஒவ்வொரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து கழுவிக் காட்டினார். வெள்ளையில் மஞ்சள் அப்படியே நின்றது. கறுப்பில் சுவடே இல்லை. “வெள்ளக் கல்லு நீங்க வச்ச கொழம்பையெல்லாம் சொல்லிக்காட்டும்க்கா. கறுப்பு ஒண்ணையும் சொல்லாது.” அம்மா வெள்ளைத் துண்டை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கறுப்பு என்று தலையாட்டினார்.

அளவெடுக்கிற அன்று நாங்கள் மூன்று பேரும் புது வீட்டில் இருந்தோம். அம்மா பெரிய சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, “சமைக்கிறவுக முன்னால வாங்க” என்றார்.

அம்மா நகரவில்லை. என் முதுகில் கையை வைத்து மெல்லத் தள்ளினார்.

“இவ நிக்கட்டும். இனிமே இவதான பாக்கணும்.”

அப்பா இன்னும் கதவு மாட்டாத ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்கு நான் போகப்போவதில்லை என்பதை என் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுப்பு மேடைக்கு அளவெடுக்கும்போது நானாகத் தெரிந்துகொண்டேன்.

நின்றேன். வேறு என்ன செய்வது? அவர் என் கையைப் பார்த்தார், வழக்கத்தைவிட அதிக நேரம். “இது அடுப்புக்கு வந்த கையி இல்லையே” என்றார். “வந்துரும்” என்று அம்மா சொன்னார். அவர் செங்கல்லை ஏற்றினார், இறக்கினார். ஒன்றுமில்லாத சட்டியில் நான் கிண்டினேன். கோடு விழுந்தது. அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காலையில் தனியாகப் புது வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கல்லைக் கிடத்திப் பாத்திரம் கழுவும் தொட்டிக்காக ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கல் தூள் கரைந்து சுண்ணாம்புபோல் வழிந்தது. என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

“அண்ணே, மேடைய எறக்கி வைங்க. அம்மா ஸ்டூல்ல உக்காந்து சமைச்சுக்கிருவாக. அவுகளுக்கு நிக்கத்தான் முடியல.” நான் இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. இவர்தான் அளவில் பெரிய நியாயஸ்தராயிற்றே, மறுக்கமாட்டார் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

“ஒங்க அம்மா கையப் பாத்தியா பாப்பா?”

“அவுகளுக்கு முட்டிதான் வலி.”

“அன்னிக்குச் சட்டியக் கொண்டாந்தாகள்ல. ரெண்டு மணிக்கட்டாலயும் அணைச்சுத்தான் கொண்டாந்தாக. வெரலு மடங்கல. ஒசரத்த நான் எறக்கிருவேன். கைய என்ன செய்யட்டும்?”

பால் பாக்கெட்டைக் கொஞ்ச நாளாக அப்பாதான் பிய்த்துக் கொடுக்கிறார். புளி கரைக்க அம்மா என்னைத்தான் கூப்பிடுகிறார். ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்டிவிட்டதும் நான்தான். எல்லாவற்றையும் செய்துகொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றையும் பார்க்கவில்லை. கூடவே இருந்த மகளுக்குத் தெரியாதது மூன்று தடவை வந்துபோன ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் அவர்மேல் கோபமாகத்தான் திரும்பியது.

“அப்ப நான் படிக்கப் போக முடியாதா?” என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னவோ கல்லூரி முதல்வர் மாதிரி.

அவர் கையிலிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

“ஒங்க அப்பா நிப்பாகன்னா அவுகளுக்கு வச்சுத் தாரேன். கல்லுக்கு அடியில வர்ற கட்டச் சுவத்துல கடேசி ரெண்டு வரி செங்கல்ல நாளைக்குத்தான் வைக்கப்போறேன். கேட்டுட்டுக் காலையில சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தேன். “அப்பாவா? சும்மா இருங்கண்ணே. அவுகளுக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாது.”

“கேட்டுப் பாரு” என்றார்.

ஒன்றை இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை அவர். நான் கிளம்பி வாசல்வரை போனபோது பின்னாலிருந்து மறுபடியும் சொன்னார். “கேட்டுப் பாரு பாப்பா.”

அன்று சாயங்காலம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுபோய் வைத்தேன். நின்றேன். “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். டம்ளரை எடுக்கிற சாக்கில் இன்னொரு தடவை போனேன். என்ன என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. என்னை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. ஆனால் தாகம் எடுத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்கிறவர். அவரிடம் போய், நீங்கள் சமையுங்கள், நான் படிக்கப் போகிறேன் என்று சொல்வது, பங்குச் சாமியாரிடம் விளக்குமாற்றைக் கொடுத்துக் கோயிலைக் கூட்டச் சொல்கிற மாதிரி. எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே தெரியவில்லை.

மறுநாள் போனபோது செங்கல்லும் கலவையும் தயாராக இருந்தன. கொத்துக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கலவையை அள்ளி, என் கோட்டுக்குச் சரியாக வரியை முடித்தார்.

நான்கு நாள் கழித்துக் கல் ஏறியது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அவர் ரசமட்டத்தை வைத்து, தொட்டிப் பக்கம் மட்டும் நூலளவு சரித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுப்பையும் சட்டியையும் வைக்கச் சொன்னார். கடைசியாக ஒரு தடவை கிண்டச் சொல்வது அவர் வழக்கம். கிண்டினேன். வேலை முடிந்த வீட்டில் பாலோ காப்பியோ குடிக்கமாட்டார், சமைக்கிற ஆள் கையால் ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் வாங்கிக் குடிப்பார். நானே வைத்துக் கொடுத்தேன். என் மேடையில் நான் முதன்முதலாகக் காய்ச்சியது அந்த வெந்நீர்தான். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அந்த மேடையில் ஐந்து வருடம் நின்றேன். மதுரைக் கடிதம் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. தபால் வழியில் பி.ஏ. படித்தேன். குழம்பு கொதிக்கும்போது புத்தகத்தைக் கறுப்புக் கல்லில் விரித்து வைத்துக்கொள்வேன். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இடுப்பு வலித்ததில்லை, தோள் வலித்ததில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மேடையை ஒரு சாண் தப்பாக வைத்திருந்தால்கூட அவரைத் திட்டித் திட்டி ஆறியிருப்பேன்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு இருந்தது. ஆச்சியை வீட்டு ஆட்கள் முன்னால் நிறுத்தி மோதிரத்தைப் பற்றிப் பேசிய மனிதர். கொல்லையிலிருந்த கிழவியை நடுவீட்டுக்குக் கூட்டிவந்த மனிதர். அவருக்கு ஒரு வாத்தியாரைப் பார்த்து, “சார், நீங்க நில்லுங்க” என்று சொல்லத் துணிச்சல் இல்லையா? அந்த வேலையைப் பதினேழு வயதுப் பெண்ணிடமா தள்ளிவிட்டுப் போவது? பெண்களை அளக்கிறபோது மட்டும்தான் அவர் பென்சில் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்து அதை உறுதியாக்கிக்கொண்டேன். கல் தூசி நெஞ்சில் இறங்கி அவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று ஒரு தடவை அம்மா சொன்னார். பஸ் ஏறினால் அரைமணி நேரம். போகவில்லை. கொஞ்ச நாளில் இறந்துபோனார் என்றும் சொன்னார்கள். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகித் திருப்பத்தூருக்குப் போனேன். சமையலுக்கு ஒரு பெண் வருகிறாள் என்று அப்பா போனில் சொன்னார். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய் இறங்கினேன்.

அடுப்படியில் அப்பா நின்றிருந்தார். பனியன், மடித்துக் கட்டிய கைலி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என் உயரத்துக்கு வைத்த மேடை அவருக்குத் தொடை உயரம். அதனால் முதுகை வளைத்து, கூனிக்கொண்டு நின்றார். ஆனால் கத்தி விளையாடியது. பார்க்காமலே நறுக்கினார். நூல்போல் விழுந்தது. நான் ஐந்து வருடம் நறுக்கியும் எனக்கு அப்படி வந்ததில்லை. வாசல் பக்கம் நாற்காலியில் அம்மா, மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்பப்பா பழகினீக?”

அப்பாவின் கத்தி நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் சில வருடம் குருமடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்பது எனக்குத் தெரியும். சாமியாராகாமல் திரும்பி வந்தவர் என்பதால் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம்.

“மூணு வருசம் அங்க அடுப்படி எம் பொறுப்புதான். நாப்பது பேருக்குச் சமைப்பேன்” என்றார்.

மேடையைப் பிடித்துக்கொண்டேன். கல் சில்லென்று இருந்தது.

“அந்தக் கல்லுக்காரரு கண்டுபிடிச்சுட்டாருத்தா. அளவெடுத்த அன்னிக்கே. வழியனுப்ப வாசலுக்குப் போனேன்ல, எங் கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாரு. ‘சாரும் அடுப்புல நின்னவுகதான. ஒங்களுக்கே வச்சுருவமா, புள்ள படிக்கப் போகட்டும்’னாரு.”

“நீங்க என்ன சொன்னீக?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

“வாத்தியாரு பொங்கிப் போடுறாருன்னு ஊரு சிரிக்கும்னு இருந்துச்சு. நானா வந்து நிக்க மனசு வரல. நீ ஒரு வார்த்த கேட்டுட்டா நின்னுரலாம்னு நெனச்சேன். அவருகிட்டயும் அதத்தான் சொன்னேன். ‘எம் புள்ள வந்து கேக்கட்டும், கேட்டா எனக்கே வைங்க’ன்னேன்.”

வெங்காயத்தைச் சட்டியில் தள்ளினார். புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளறினார்.

“அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு தடவ வந்து நின்னியே. நானும் பேப்பரப் புடிச்சுக்கிட்டு, இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு உக்காந்திருந்தேன்.”